உறுதியும் உறுதியின்மையும்

யாழ்ப்பாணத்து வழக்கில் 'உறுதி' என்னுஞ் சொல்லுக்கு இரு பொருள்கள் உண்டு. திடம், நிச்சயம் என்பது ஒன்று. காணி பூமிக்குரிய பத்திரம் என்பது மற்றொன்று. நொத்தாரிசின் முன்னிலையில் இரு சாட்சிகளோடு கையெழுத்திட்டு முடிக்கப்படும் பத்திரத்துக்கு உறுதி என்று பெயரிட்ட முன்னோர், எழுதி முடித்தபின் ஐயத்துக்கு இடமில்லை என்ற நம்பிக்கையினாலேயே அவ்வாறு பெயரிட்டனர் போலும். ஆயினும் உறுதி எழுதப்படுவதற்கு முன்னரே அதற்குரிய சட்டம் ஐயத்துக்கு இடமாய் நிற்குமாயின், பெட்டகத்தில் வைத்துப் பூட்டிய உறுதியும் உறுதியற்றதாகிவிடும். அத்தகைய வேளையில் சட்டம் அறிந்த ஒருவரிடம் ஆலோசனை கேட்கச் செல்பவர் எதனை எதிர்பார்த்துச் செல்கின்றார்? எதனைப் பெற்றுத் திரும்புதல் தகும்? 2017 ஆம் ஆண்டில் வலிகாமத்துக் கிராமமொன்றைச் சேர்ந்த தாயொருத்தி எதிர்கொண்ட இடர்ப்பாடு, இவ்வினாக்களை ஆராய்வதற்குத் தக்கதோர் எடுத்துக்காட்டாகும்.

அத்தாய் 1989 ஆம் ஆண்டில் மணம் முடித்தவர். பெற்றோர் அவருக்குச் சீதனமாக எழுதிக் கொடுத்தவை நான்கு பரப்புக் காணியும் அதிலிருந்த கல்வீடும் ஆகும். கணவர் 2007 ஆம் ஆண்டில் ஒரு நாட்காலை சைக்கிளில் வேலைக்குப் புறப்பட்டார்; மீண்டும் வரவில்லை. அவரைத் தேடிச் சென்ற வாயில்கள் பல; கொடுத்த மனுக்கள் பல; கிடைத்த விடை ஒன்றுமில்லை. எஞ்சியிருந்த ஒரே மகளைத் தையல் மெஷினின் துணையோடு வளர்த்தெடுத்தார். அம்மகளுக்கு 25 வயதானபோது நல்லதொரு சம்பந்தம் பொருந்தியது. மாப்பிள்ளை வீட்டார் பேராசை கொண்டவர்கள் அல்லர். பெண்ணின் பெயரில் வீடு எழுதப்படவேண்டும் என்பதொன்றையே கேட்டனர். ஆவணியில் முகூர்த்தம் என்றும், அதற்கு முன் உறுதி முடிப்பதென்றும் தீர்மானமாயிற்று.

உறுதி முடிப்பதற்கு முன் ஒருவரைக் கேட்பது நல்லதென்று அயலவர் கூறியமையால், அத்தாய் நகரத்துச் சட்டத்தரணி ஒருவரிடம் சென்றார். அவருடைய அறையில் அன்று கூட்டம் மிகுந்திருந்தது. பழைய சீதன உறுதியை ஒருமுறை புரட்டிப் பார்த்த அவர், "உங்கடை சீதனம், உங்கடை பேரிலை கிடக்குது. தாராளமா எழுதலாம்" என்றார். ஐந்து நிமிடத்தில் ஆலோசனை முடிந்தது. கணவர் எங்கேயென்று அவர் கேட்கவில்லை. கேளாத ஒன்றை அத்தாயும் சொல்லவில்லை. மனச்சுமை இறங்கியவராய் அவர் வீடு திரும்பினார்.

அச்சுமை மீண்டும் ஏறுவதற்கு ஒரு கிழமையே சென்றது. உறுதி எழுதுவதற்கென மாப்பிள்ளை வீட்டார் ஒழுங்கு செய்த நொத்தாரிசு, கடதாசிகளை எல்லாம் வாசித்துவிட்டு, "கணவருடைய எழுத்து மூலமான சம்மதம் எங்கே?" என்று கேட்டார். அவ்வொரு வினாவோடு வேலை நின்றது. கலியாணத்துக்கு நாற்பது நாள்களே இருந்தன.

அதன்பின் ஊரில் ஆலோசனைக்குக் குறைவிருக்கவில்லை. சம்மதம் என்பது வெறுஞ் சம்பிரதாயம், வேறொரு நொத்தாரிசைப் பிடித்தால் எழுதிவிடலாம் என்றார் ஒருவர். மரணச் சான்றிதழ் எடுத்துவிட்டால் கைம்பெண்ணுக்கு யார் சம்மதமும் வேண்டியதில்லை என்றார் மற்றொருவர். பழைய கடிதமொன்றில் உள்ள கையெழுத்தைப் பார்த்து எழுதினால் யாருக்குத் தெரியும் என்று குரலைத் தாழ்த்திக் கேட்டவரும் உண்டு. மூவருமே ஐயமின்றிப் பேசினர். ஐயமின்றிப் பேசுவதற்குச் சட்டம் தெரியாதிருத்தல் பெருந்துணையாகும்.

நொத்தாரிசு எழுப்பிய வினாவின் வேர் தேசவழமையில் உள்ளது. யாழ்ப்பாணத்து மக்களின் வழக்காறுகளை ஒல்லாந்த ஆள்பதியான சைமன்ஸின் பணிப்பின்பேரில் திசாவையாகவிருந்த கிளாஸ் ஐசாக்ஸ் 1707 இல் தொகுத்து அளித்தார். முதலிமார் பன்னிருவர் அதனை ஆராய்ந்து ஏற்றனர். ஆங்கிலேயர் ஆட்சியில், 1806 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்க ஒழுங்குவிதி அத்தொகுப்புக்குச் சட்டவலு அளித்தது. 1911 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்க யாழ்ப்பாண விவாக உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம் அவ்வழமையின் சில பகுதிகளை மாற்றி அமைத்தது. அச்சட்டத்தின் 6 ஆம் பிரிவு மணமான பெண்ணின் தனிச் சொத்து அவளுக்கே உரியதென்றும், கணவனின் கடனுக்கு அது பொறுப்பாகாதென்றும் கூறியது. அதே பிரிவு, அசையாச் சொத்தை அவள் தன் வாழ்நாளிற் கைமாற்றுவதற்குக் கணவனின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டுமென்றும் விதித்தது. மரணசாசனத்தால் அச்சொத்தை யாருக்கும் எழுதிவைக்க அவளுக்குச் சம்மதம் வேண்டியதில்லை. இறந்தபின் கொடுப்பதற்கு இருந்த சுதந்திரம் இருக்கும்போது கொடுப்பதற்கு இருக்கவில்லை என்பது எண்ணிப் பார்த்தற்குரியது. ஆயினும் அத்தாய் வாயிலில் நின்ற வேளையில் சட்டத்தின் நியாயத்தை விசாரித்துக்கொண்டிருக்க அவருக்கு நேரமிருக்கவில்லை.

இம்மட்டில் நோக்கின் சட்டம் தெளிவாகவே தோன்றும். அதனை ஐயத்துக்கு உரியதாக்கியது வேறொன்று. தேசவழமை யாரைக் கட்டுப்படுத்தும் என்பதே அது. 1806 ஆம் ஆண்டின் ஒழுங்குவிதி 'யாழ்ப்பாண மாகாணத்து மலபார் வாசிகள்' என்றது. மலபார் என்று அந்நாளில் ஆங்கிலேயர் சுட்டியது தமிழரையே என்பதில் பிணக்கில்லை. 'வாசி' என்பவன் யார் என்பதிலேயே பிணக்கு. யாழ்ப்பாணத்திற் பிறந்து கொழும்பில் நிலையாகக் குடியேறிவிட்டவரை வாசியாகக் கொள்ள மறுத்த தீர்ப்பு உண்டு. தொழிலின் பொருட்டு எங்கே இருந்தாலும் யாழ்ப்பாணத்து நிலையான இல்லத்தைக் கைவிடாதவர் வாசியே என்று கொண்ட தீர்ப்பும் உண்டு. நிலையான இல்லம் எது, அதனை நிலையாகக் கொள்ளும் எண்ணம் இருந்ததா என்பன ஒவ்வொரு வழக்கிலும் சான்றுகளைக் கொண்டு தீர்மானிக்கப்படுவன. மேலும் 1911 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, தேசவழமைக்கு உட்பட்ட பெண் அதற்கு உட்படாத ஒருவரை மணந்தால், அம்மணவாழ்வு நீடிக்கும்வரை அவளுக்கும் அது பொருந்தாது. ஆகவே மனைவியின் காணிக்கு எச்சட்டம் என்ற வினாவுக்கு விடை, கணவன் எவ்விடத்தவன் என்பதிலே தங்கியிருந்தது.

கலியாணத்துக்கு முப்பத்தைந்து நாள்கள் இருக்கையில், அத்தாயும் மகளும் முதிய சட்டத்தரணி ஒருவரைத் தேடிச் சென்றனர். 1974 ஆம் ஆண்டில் அப்புக்காத்து, பிறக்கிராசி என்ற இரு வகுப்புகளும் ஒன்றாகிச் சட்டத்தரணிகள் என்ற ஒரே பெயரைப் பெறுவதற்கு முன் பிறக்கிராசியாய்த் தொழில் தொடங்கியவர் அவர். பழைய வழக்கறிக்கைகள் அடுக்கிய அலுமாரியின் கீழ் அமர்ந்திருந்த அவர் உறுதியைக் கையில் வாங்கவில்லை. முதலில், "அவர் எந்த ஊர், பிள்ளை?" என்றார்.

அவ்வினாவுக்கு ஒரு சொல்லில் விடையில்லை. கணவரின் தந்தையார் யாழ்ப்பாணத்தவர். இளமையிலேயே கொழும்புக்குச் சென்று வெள்ளவத்தையில் வீடு வாங்கி அங்கேயே தங்கிவிட்டவர். கணவர் பிறந்ததும் படித்ததும் கொழும்பில். 1983 ஆம் ஆண்டு யூலைக் கலவரத்தில் வீடு எரிந்தபின் அகதியாய்க் கப்பலேறி யாழ்ப்பாணம் வந்தார். வந்த இடத்தில் வேலை கிடைத்தது. ஆறாண்டில் மணமும் நிகழ்ந்தது. மறைந்த நாள்வரை யாழ்ப்பாணத்தை விட்டு நீங்கவில்லை.

முதியவர் எழுதிக்கொண்டே கேட்டார்: "திரும்பக் கொழும்புக்குப் போற எண்ணம் அவருக்கு இருந்ததோ?"

"இருந்தது ஐயா. நிலைமை சரிவந்தால் வெள்ளவத்தைக்குப் போவம் எண்டு சொல்லுவார். பிறகு பிள்ளை பிறந்தாப் போலை அந்தக் கதையை விட்டிட்டார். விட்டிட்டாரோ, மனசுக்குள்ளை வைச்சிருந்தாரோ, எனக்குத் தெரியாது."

பேனாவை வைத்துவிட்டு முதியவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். சட்டம் கேட்டது ஒரு மனிதனின் உள்ளத்தில் இருந்த எண்ணத்தை. அதனைச் சொல்லக்கூடிய ஒருவரோ காணாமற்போனவர். 1806 இல் 'வாசி' என்று எழுதியவர்கள், ஊரெரிந்து ஓடிவந்து தந்தையின் ஊரில் வாழ்வைத் தொடங்கும் மனிதனை நினைத்து எழுதியவர்கள் அல்லர். நிலைத்து வாழ்ந்தவர்க்கென எழுதப்பட்ட சொல், நிலைகுலைந்தவரின் வாழ்வை அளக்க முற்படும்போது தடுமாறுதல் இயல்பே. சட்டத்தின் உறுதியின்மைக்குச் சட்டத்தரணியின் அறியாமை எப்பொழுதும் காரணமாவதில்லை. வாழ்க்கை சட்டத்தின் சொற்களைக் கடந்து சென்றுவிடுதலும் காரணமாகும்.

இறுதியில் அவர் கூறிய விடை இது: "தேசவழமை உங்களுக்குப் பொருந்துமோ எண்டு நிச்சயமாச் சொல்லேலாது, பிள்ளை. பொருந்தும் எண்டுதான் நான் நினைக்கிறன். ஆனால் நாளைக்கு ஒரு நீதவான் மற்றப்பக்கம் சொன்னால் அதையும் பிழை எண்டு சொல்லமாட்டன்."

மகளுக்குக் கோபம் வந்தது. "ஒருத்தர் எழுதலாம் எண்டு சொன்னார், நொத்தாரிசு எழுதேலாது எண்டு சொன்னார், நீங்கள் தெரியாது எண்டு சொல்லுறீங்கள். இதுக்கோ ஐயா காசு தாறது?" என்று கேட்டுவிட்டாள். தாய் அவளது கையைப் பற்றி அடக்கினார். முதியவர் சினக்கவில்லை. அக்கேள்வி நியாயமானதென்றே அவர் கருதியிருத்தல் வேண்டும். ஏனெனில் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து அதற்கு விடை எழுதிக் காட்டினார்.

தாளில் மூன்று கூறுகள் வரைந்தார். கணவர் உயிரோடு உள்ளார், அவர் யாழ்ப்பாணவாசி என்பது முதலாவது. அங்ஙனமாயின் சம்மதம் வேண்டும். உயிரோடு உள்ளார், ஆனால் யாழ்ப்பாணவாசி அல்லர் என்பது இரண்டாவது. அங்ஙனமாயின் 1923 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்க விவாகமான பெண்களின் ஆதனக் கட்டளைச் சட்டம் பொருந்தும், சம்மதம் வேண்டியதில்லை. உயிரோடு இல்லை என்பது மூன்றாவது. அப்பொழுதும் சம்மதம் என்ற வினாவே எழாது. இம்மூன்றில் எது உண்மையென்று அவ்வறையில் இருந்த எவரும் அறியார். முதற் சட்டத்தரணியின் ஆலோசனை பின்னிரண்டு நிலைகளிற் சரியாகும். முதல் நிலையிற் பிழையாகும். பிழையானால் மகளின் பெயரிலுள்ள உறுதி செல்லாதென்று வாதிக்க இடமுண்டாகும். அவள் பின்னொருநாள் வங்கியில் ஈடுவைக்கச் சென்றாலோ, விற்க முனைந்தாலோ, அங்குள்ள சட்டத்தரணி கேட்கப்போவது நொத்தாரிசு கேட்ட அதே கேள்வியைத்தான்.

பின்னர் 1911 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 8 ஆம் பிரிவை எடுத்து வாசித்தார். கணவன் மனைவியைக் கைவிட்டாலோ, இருவரும் உடன்பட்டுப் பிரிந்திருந்தாலோ, அவன் சித்தசுவாதீனம் அற்றவனானாலோ, நியாயமின்றிச் சம்மதத்தை மறுத்தாலோ, அவனது வதிவிடம் அறியப்படாதிருந்தாலோ, மனைவி மாவட்ட நீதிமன்றத்துக்கு விண்ணப்பித்துச் சம்மதமின்றியே சொத்தைக் கையாளும் அதிகாரத்தைப் பெறலாம் என்று அப்பிரிவு கூறியது. "இந்தக் கட்டளையை எடுத்து உறுதியிலை எழுதினால், முதலாவதிலும் உறுதி நிக்கும். மற்ற ரெண்டிலும் இது தேவையில்லாத ஒரு கடதாசி, இருந்தால் பழுதில்லை. எது உண்மை எண்டு எனக்குச் சொல்லேலாது. எது உண்மையாய் இருந்தாலும் நிக்கிற வழியைச் சொல்லலாம்" என்றார்.

அவர் மறைக்காத செய்தி ஒன்றும் இருந்தது. நீதிமன்றக் கட்டளைக்குச் சில மாதங்கள் செல்லும். ஆவணி முகூர்த்தம் தவறும். விரைவான வழி வேறொன்றுண்டு என்பதையும் அவர் எடுத்துரைத்தார். காணாமற்போனவரின் மரணத்தைப் பதிவு செய்வதற்கு 2010 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டம் வழி செய்துள்ளது; 2016 இல் வந்த திருத்தம், மரணம் என்று எழுதாமல் காணப்படாதவர் என்றே சான்றிதழ் பெறவும் இடமளித்துள்ளது. மரணச் சான்றிதழ் எடுத்தால் சம்மதப் பிரச்சினை அத்தோடு தீர்ந்துவிடும். அது சட்டத்துக்கு உட்பட்ட வழியே. எடுப்பதும் விடுவதும் அவருடைய விருப்பம் என்றார்.

அத்தாய் நெடுநேரம் பேசவில்லை. பின் மெல்ல, "பத்து வருசமா அவர் வருவார் எண்டு சொல்லித்தான் பிள்ளையை வளர்த்தனான். வீடு எழுதுறதுக்காக அவர் செத்துப்போனார் எண்டு நான் கையெழுத்து வைச்சால், பிறகு அந்த வீட்டுக்குள்ளை நான் எப்பிடி ஐயா இருப்பன்?" என்றார்.

முதியவர் 8 ஆம் பிரிவின் வரியைத் தாயின் பக்கம் திருப்பி வைத்தார். அங்கே இருந்தது 'வதிவிடம் அறியப்படாத' என்ற தொடர். "இதிலை நீங்கள் அவர் இல்லை எண்டு சொல்லத் தேவையில்லை, பிள்ளை. எங்கை எண்டு தெரியாது எண்டு சொன்னாக் காணும். அது உண்மைதானே?" என்றார். கோபத்தோடு வந்த மகள் அப்பொழுது தாயின் முகத்தைப் பார்த்தாள். விண்ணப்பம் செய்வதென்று முடிவு கூறியவள் அவளே.

மறுநாள் முதியவர் தமது கருத்தை இரண்டு பக்கத்தில் எழுதிக் கொடுத்தார். தெரிந்தது இது, தெரியாதது இது, தெரியாததனால் எடுக்கவேண்டிய முன்னெச்சரிக்கை இது என்று அது பகுக்கப்பட்டிருந்தது. அதனை மாப்பிள்ளையின் தந்தையார் முன்னிலையில் மகள் வாசித்தாள். ஓய்வுபெற்ற ஆசிரியரான அவர் அதனை வாங்கித் தாமும் ஒருமுறை வாசித்துவிட்டு, தைமாதம்வரை பொறுப்பதில் தமக்குத் தடையில்லை என்றார். சம்பந்தம் குலைந்துவிடுமென்று அஞ்சிய வீட்டில் அன்று இரவு உலை ஏறியது. காணப்படாதவர் என்ற சான்றிதழும் அத்தாயின் சத்தியக் கடதாசியும் முன்வைக்கப்பட்டு விண்ணப்பம் விசாரிக்கப்பட்டது. கார்த்திகையிற் கட்டளை கிடைத்தது. மார்கழி பிறக்குமுன் உறுதி முடிந்தது.

இவ்வரலாற்றில் முதற் சட்டத்தரணியைத் தீயவரென்று தள்ளிவிடுதல் எளிது, அது நீதியாகாது. தம்முன் வைக்கப்பட்டதற்கு அவர் விடை சொன்னார். குறை யாதெனின், தம்முன் வைக்கப்படாதது யாது என்று அவர் விசாரிக்கவில்லை. கேட்டவரிடத்தும் குறை உண்டு. வைத்தியரிடம் நோவைச் சொல்பவர், சட்டத்தரணியிடம் நோவை மறைத்துக் கடதாசியை மாத்திரம் நீட்டும் வழக்கம் தமிழரிடையே பெரிது. குடும்பத்துக் குறையை வெளியிற் சொல்லலாகாது என்ற கூச்சம் அதற்குக் காரணம். கணவர் எங்கே என்று தெரியாதென்பது அத்தாய்க்குப் பத்தாண்டுத் துயரம். அதுவே தம் வழக்கின் முதற் சான்று என்பதை அவர் எங்ஙனம் அறிவார்? அதனை அறிந்து கேட்டு எடுப்பதே சட்டத்தரணியின் கல்வி.

ஆலோசனையின் மதிப்பை அதிலுள்ள நிச்சயத்தைக் கொண்டு அளப்பது உலக இயல்பு. 'ஓம்' என்று சொன்னவர் கெட்டிக்காரர், 'சொல்லேலாது' என்றவர் தெரியாதவர் என்று மக்கள் கருதுவர். ஆனால் தெரியாமை இருவகைத்து. புத்தகத்தைத் திறவாதவனின் தெரியாமை ஒன்று. புத்தகத்தின் கடைசிப் பக்கம்வரை வாசித்தவன், அதற்கப்பால் ஒன்றும் எழுதப்படவில்லை என்று கண்ட தெரியாமை மற்றொன்று. முன்னது ஆலோசனையாகாது. பின்னதோ எல்லைக்கல் போன்றது. நிலம் எதுவரை உறுதியானது, எங்கே சேறு தொடங்குகின்றது என்பதை அது காட்டும். அக்கல்லை நட்டபின்னரே சேற்றைச் சுற்றிச் செல்லும் வழி புலப்படும். சட்டம் ஐயத்துக்கு இடமாயிருக்கும்போது ஆலோசனை கேட்பவர் பெற்றுத் திரும்பவேண்டியது இதுவே: ஐயத்தை இல்லையென்று மூடும் சொல்லன்று, ஐயம் எப்பக்கம் தீர்ந்தாலும் தம்மைத் தாங்கும் வழி.

அவ்வழிக்கு விலை உண்டு. அத்தாய் நான்கு மாதத்தைக் கொடுத்தார். மகள் ஒரு முகூர்த்தத்தைக் கொடுத்தாள். விசாரணையிற் பத்தாண்டுத் துயரத்தை அந்நியர் முன் எடுத்துரைக்க நேர்ந்தது. எல்லா ஐயங்களுக்கும் இத்தகைய வழி கிட்டும் என்பதுமில்லை. சில வேளைகளில் இரு தீமைகளுள் ஒன்றைத் தேர்வதன்றி வேறில்லை என்று சொல்லவேண்டியவராகவும் சட்டத்தரணி இருப்பார். அப்பொழுதும் தேர்வு கேட்பவருடையதே. மரணச் சான்றிதழ் எடுப்பதா என்ற வினாவில் முதியவர் தம் விருப்பத்தைச் சொல்லாது விட்டமை அதனை உணர்ந்தமையாலேயே எனலாம்.

தைமாதத்திற் கலியாணம் நிகழ்ந்தது. உறுதியின் பிரதியொன்று அத்தாயிடம் உள்ளது. கணவரின் தேசிய அடையாள அட்டையோடு சேர்த்து அதனை வைத்திருக்கின்றார். அவ்வுறுதியிற் கணவரின் பெயர் இறந்தவர் என்று எழுதப்படவில்லை. வதிவிடம் அறியப்படாதவர் என்றே எழுதப்பட்டுள்ளது. அவர் யாழ்ப்பாணவாசியா அல்லரா என்பதை எந்த நீதிமன்றமும் தீர்க்கவில்லை; தீர்க்கவேண்டிய தேவையும் எழவில்லை. வெள்ளவத்தைக்குத் திரும்பும் எண்ணம் அவருக்கு இருந்ததா என்பதை அவர் வந்தால் கேட்டு அறியலாம் என்று அத்தாய் சொல்வதுண்டு.